ஆக்ஸ்ஹார்ட் தக்காளி: அறிகுறியைக் கொண்டு காரணத்தைக் கண்டுபிடிக்கும் முறை

பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்குத் தக்காளி புதிய பயிரன்று. கேரள எல்லைக்கு அந்தப்புறம், தமிழ்நாட்டில் பொள்ளாச்சி, கிணத்துக்கடவு வரை வயலில் தக்காளி வைத்துச் சந்தைக்கு ஏற்றியவர்கள் எங்கள் உறவினரிலேயே பலர் இருக்கிறார்கள். ஆனால் அந்த அனுபவத்தை அப்படியே நம்பி ஆக்ஸ்ஹார்ட் தக்காளியை வீட்டுத் தோட்டத்தில் வைப்பவர் முதல் ஆண்டில் பெரும்பாலும் ஏமாந்து போகிறார். வயல் ரகங்கள் வெயிலையும் நோயையும் ஓரளவு தாங்கும்படி நம் நாட்டிலேயே தேர்ந்தெடுக்கப்பட்டவை. ஆக்ஸ்ஹார்ட்டோ இத்தாலி, ரஷ்யா போன்ற நாடுகளின் மிதமான கோடையில், வீட்டுத் தோட்டக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக விதை எடுத்துக் காப்பாற்றி வந்த மரபு வகை. காளையின் இதயத்தைப் போன்ற வடிவத்தால்தான் அதற்கு அந்தப் பெயர். ஒரு காய் 250 கிராம் முதல் 500 கிராம் வரை வருவது இயல்பு. சதை மிகுதியாகவும் விதை குறைவாகவும் இருக்கும். செடி ஓரிடத்தில் வளர்ச்சியை நிறுத்தாமல் ஆறேழு அடிக்கு மேல் ஏறிக்கொண்டே போகும்.

இந்தச் செடியில் ஏதேனும் தவறாகத் தெரிந்தவுடன் மருந்துத் தெளிப்பானைத் தேடுவதுதான் நாம் செய்யும் முதல் பிழை. இங்கு நான் பார்த்த குறைகளில் பாதிக்கு மேல் காற்று, மண், நீர், நட்ட மாதம் ஆகியவற்றால் வந்தவை. இன்னும் சில குறைகளே அல்ல, செடியின் குணம். ஆகவே கீழே சொல்பவற்றில் எதைச் செய்வதற்கும் முன்பாக, அதே செடியைக் காலை ஆறரை மணிக்கு ஒரு முறையும் பிற்பகல் இரண்டு மணிக்கு ஒரு முறையும் பார்த்துவிடுங்கள். அந்த இரண்டு பார்வைக்கும் இடையே உள்ள வேறுபாடே பல நேரங்களில் விடையைச் சொல்லிவிடும்.

செடி எப்போதும் துவண்டே நிற்கிறது

நாற்று நட்டு மூன்று வாரம் ஆனதும் இலைகள் மெலிந்து, நுனி தொங்கி, நாள் முழுவதும் நீர் காணாத செடி போல நிற்கும். என் வீட்டுக்கு வந்த பக்கத்து வீட்டு அக்கா, "ஏனுங்க தம்பி, செடிக்குத் தண்ணி காட்டறதே இல்லீங்களா?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் ஒரு குடம் நீரை ஊற்றியும் விட்டார். அவர் மேல் குற்றமில்லை. ஆக்ஸ்ஹார்ட் வகைகள் பலவற்றில் இலை மெல்லியதாகவும் தளர்ந்தும் தொங்குவது பிறவிக் குணம். இதை வாடல் என்று எண்ணி நீரைக் கூட்டுகிறவர் வேரை மூச்சுத் திணற வைத்து, இல்லாத நோயை உண்டாக்கிவிடுகிறார்.

சோதனை எளிது. காலையில் இலைக்காம்பை இரு விரலால் மெல்ல வளைத்துப் பாருங்கள். விறைப்பாக இருந்து, நுனித் தளிர் நிமிர்ந்து நின்றால் செடி நலமாக இருக்கிறது. மண்ணில் இரண்டு அங்குல ஆழத்துக்கு விரலை விட்டு, ஈரம் தட்டுப்பட்டால் அன்று நீர் வேண்டாம். காலையிலும் காம்பு துணி போல மடங்கினால் மட்டும் அடுத்த பகுதிக்குச் செல்லுங்கள்.

நேற்று வரை பச்சையாக இருந்த செடி சாய்ந்துவிட்டது

இதுதான் இந்தப் பகுதியில் ஆக்ஸ்ஹார்ட்டைக் கொல்லும் உண்மையான எதிரி. இலை மஞ்சளாகாது, புள்ளி விழாது. முதல் நாள் உச்சி வெயிலில் நுனி சற்றுத் தொங்கும், மாலையில் எழுந்துவிடும், மூன்றாம் நாள் பச்சை நிறம் மாறாமலேயே முழுச் செடியும் வெந்நீர் ஊற்றியது போல விழுந்துவிடும். கேரளத்தின் புளிப்பான செம்மண்ணிலும் செம்பூராங்கல் மண்ணிலும் தக்காளிக்குப் பெருந்தடையாக இருக்கும் பாக்டீரியா வாடல் நோய் இது. இதற்குக் காரணமான ரால்ஸ்டோனியா என்னும் பாக்டீரியா மண்ணிலிருந்து வேரின் காயங்கள் வழியாக நுழைந்து, நீர் ஏறும் குழாய்களை அடைத்துவிடுகிறது.

சாய்ந்த செடியைப் பிடுங்கி எறிவதற்கு முன் ஒரு கண்ணாடி டம்ளரை எடுத்துக்கொள்ளுங்கள். தண்டின் அடிப்பகுதியில் இரண்டு அங்குல நீளத்துக்கு ஒரு துண்டைக் கூரிய கத்தியால் வெட்டி, தெளிந்த நீரில் அதன் ஒரு முனை மட்டும் முழுகும்படி அசையாமல் பிடியுங்கள். டம்ளருக்குப் பின்னால் கறுப்புத் துணியோ காகிதமோ இருந்தால் நன்றாகத் தெரியும். பாக்டீரியா வாடலாக இருந்தால் சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால் நூல் போன்ற வெண்மையான இழை கீழ்நோக்கி இறங்கும். இதை முதல் முறை பார்த்தபோது எனக்கு வருத்தத்தைவிட வியப்பே மிகுதியாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இழை இறங்கினால் அந்தச் செடிக்கு மருந்து கிடையாது. சூடோமோனாஸ் என்னும் நன்மை செய்யும் பாக்டீரியாவின் கரைசலை ஊற்றுவது முன்காப்பாக ஓரளவு உதவலாமே தவிர, சாய்ந்த செடியை எழுப்பாது. வேரோடும் வேரைச் சுற்றிய மண்ணோடும் அகற்றி எரித்துவிடுங்கள்; அதை உரக்குழியில் போடாதீர்கள். வெட்டிய கத்தியைக் கழுவாமல் அடுத்த செடியின் பக்கக்கிளையைக் கிள்ளப் பயன்படுத்தாதீர்கள். அந்த இடத்தில் மறுபடி தக்காளி, கத்தரி, மிளகாய் எதையும் வைக்காமல் சில ஆண்டுகள் விட்டுவிட வேண்டும். இஞ்சி வாடிப்போன பாத்தியையும் நான் தக்காளிக்குத் தொடுவதில்லை.

இழை இறங்காவிட்டால் வேரைப் பாருங்கள். மணிமணியாக முடிச்சு விழுந்திருந்தால் நூற்புழு. தண்டை நீளவாக்கில் பிளக்கும்போது உட்புறம் பழுப்புக் கோடு ஓடி, செடியின் அடியிலைகள் ஒரு பக்கமாக மஞ்சளாகியிருந்தால் பூசண வாடல். வேர் கறுத்து அழுகிய வாடை வீசினால் நீங்கள் ஊற்றிய நீரே காரணம்.

அடுத்த ஆண்டுக்கான தீர்வைச் சொல்லியாக வேண்டும். கேரள வேளாண் பல்கலைக்கழகம் சக்தி, முக்தி, அனகா போன்ற தக்காளி ரகங்களை வெளியிட்டதே இந்த வாடலைத் தாங்குவதற்காகத்தான். ஆக்ஸ்ஹார்ட்டில் அந்தத் தாங்குதிறன் இல்லை. அதை இந்த மண்ணில் நேரடியாக வைக்க விரும்புகிறவருக்கு ஒட்டுக்கட்டுதலே நம்பத்தகுந்த வழி. தாய்வேராக ஹரிதா போன்ற வாடல் தாங்கும் கத்தரியையோ சுண்டைக்காயையோ வைத்து, அதன் மேல் ஆக்ஸ்ஹார்ட் நுனியை ஆப்பு முறையில், அதாவது அடித்தண்டைப் பிளந்து அதில் ஆப்பு போலச் சீவிய நுனியைச் செருகி, பொருத்தலாம். தைவானிலுள்ள உலகக் காய்கறி மையமும் மழைக்காலத் தக்காளிக்குக் கத்தரி வேரையே பரிந்துரைத்திருக்கிறது. வாடலோடு, சில நாள் நீர் தேங்குவதையும் அந்த வேர் பொறுத்துக்கொள்ளும். சுண்டை விதை முளைக்கச் சோம்பும் என்பதால் அதைத் தக்காளிக்கு மூன்று நான்கு வாரம் முன்னதாகவே விதைக்க வேண்டும். ஒட்டிய நாற்றை ஒரு வாரம் காற்றுப் புகாத ஈரமான நிழலில் வைத்துப் பிறகு சிறுகச் சிறுக வெளிச்சத்துக்குப் பழக்குங்கள். நடும்போது ஒட்டுப்பகுதி மண்ணுக்கு மேலே நிற்க வேண்டும். தக்காளித் தண்டை ஆழப் புதைத்தால் நல்லது என்று நாம் கற்ற பாடத்தை இங்கே மறந்துவிட வேண்டும், ஏனெனில் புதைந்த தண்டு தனக்கென வேர்விட்டு அதே மண்ணிலிருந்து நோயை வாங்கிக்கொள்ளும்.

பூ நிறைய வருகிறது, பிஞ்சு பிடிக்கவில்லை

முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். தக்காளிப் பூ நன்றாகப் பிடிப்பதற்கு இரவு வெப்பம் ஏறக்குறைய 15 முதல் 21 டிகிரிக்குள் இருப்பது நல்லது. பகல் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் வலுவிழந்துவிடும். பெரிய காய்க்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆக்ஸ்ஹார்ட், வயல் ரகங்களுக்கு முன்பாகவே இதில் கைவிட்டுவிடும். மாசி, பங்குனியில் பாலக்காட்டு வெயில் என்ன செய்யும் என்பதை எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பொங்கல் கழித்து நாற்று நட்டுவிட்டு, "பூவெல்லாம் கொட்டுகிறது" என்று கேட்பவருக்கு என்னிடம் உள்ள ஒரே பதில், ஆவணிக் கடைசியில் விதையுங்கள் என்பதுதான். செப்டம்பர் முற்பாதியில் விதைத்தால் அக்டோபர் நடுவில் நடலாம். நவம்பர் கடைசியில் பூ வரும். நட்டதிலிருந்து 80 முதல் 90 நாளில், அதாவது தைப் பிறப்பை ஒட்டி, முதல் பழம் கைக்கு வரும். ஐப்பசி மழையில் இளஞ்செடி நனைவது இதிலுள்ள சங்கடம். மேட்டுப்பாத்தி போட்டுக்கொண்டால் அதைச் சமாளிக்கலாம்.

மாதம் சரியாக இருந்தும் பூ உதிர்ந்தால் காற்றைச் சந்தேகியுங்கள். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே சுமார் 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கும் இந்தக் கணவாயில், ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்று கார்த்திகையில் திசை மாறிக் கிழக்கிலிருந்து வறண்டு வீசத் தொடங்கும். மலையாளத்தில் விருச்சிகக் காற்று என்று சொல்லும் அந்தக் காற்றுதான், நம் ஆக்ஸ்ஹார்ட் பூக்கும் அதே வேளையில் வந்து, சூலக முனையை உலர்த்திவிடுகிறது. அது சுவரைக் கேட்பதில்லை. சுவர் வைத்தால் மேலே ஏறிச் சுழன்று செடியை மேலும் அலைக்கழிக்கும். பாத்தியின் கிழக்குப் புறம் 50 விழுக்காடு நிழல் வலையை ஆறடி உயரத்துக்குக் கட்டுங்கள். அல்லது ஆடியிலேயே அகத்தியையோ இரண்டு வரிசைச் சோளத்தையோ நெருக்கமாக விதைத்துவிடுங்கள். காற்று அவற்றின் ஊடாக வடிந்து வரும்போது அதன் வேகம் தணிந்துவிடும்.

மூன்றாவதாக மகரந்தம். தக்காளிப் பூ தன் மகரந்தத்தைத் தானே ஏற்கும் பூ என்றாலும், மகரந்தப் பை ஒரு குழல் போல மூடியிருப்பதால் அதிர்வு கிடைத்தால்தான் தூள் உதிரும். பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. வயிற்றில் நீலப்பட்டை போட்ட சிறு தேனீயும், மரத்தைத் துளைக்கும் பெரிய கரிய தச்சுத் தேனீயும் பூவைக் கட்டிக்கொண்டு உடலை ரீங்கரித்து உலுக்கி எடுக்கும். அவை வராத மொட்டை மாடியில் அந்த வேலையை நீங்கள் செய்ய வேண்டும். காலை எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் இடையே பூங்கொத்தின் காம்பைப் பின்புறமிருந்து விரல் நகத்தால் இரண்டு மூன்று முறை சுண்டிவிடுங்கள். பழைய மின்சாரப் பல் துலக்கி வீட்டில் இருந்தால் அதன் முதுகைக் காம்பில் வைத்து ஒரு நொடி ஓடவிட்டாலும் போதும். வெயிலில் கையை வைத்துப் பார்த்தால் மஞ்சள் தூள் விரலில் படிவது தெரியும்.

இலை கரும்பச்சையாகத் தழைத்து, தண்டு கட்டைவிரல் பருமனாகி, பூ மட்டும் அரிதாக இருந்தால் சாணமும் கடலைப் பிண்ணாக்குக் கரைசலும் அளவு மீறிவிட்டன. ஒரு மாதம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, மரச்சாம்பலைப் பாத்திக்கு ஒரு கைப்பிடி வீதம் தூவுங்கள். கரிசலில் மட்டும் அதைத் தவிருங்கள். அந்த மண்ணின் காரத்தைச் சாம்பல் மேலும் கூட்டும்.

காயின் அடிப்பகுதி கறுத்துக் குழிகிறது

பூ உதிர்ந்த முனையில் முதலில் நீர்க்கோத்தது போல ஒரு வட்டம் தோன்றி, பின்பு பழுப்பாகி, செருப்புத் தோல் போலக் கறுத்துத் தட்டையாகிவிடும். இது நோயன்று, ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றுவதும் இல்லை. காயின் நுனிக்குப் போதிய சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், போய்ச் சேரவில்லை என்பதே இதன் பொருள். கால்சியம் நீரோட்டத்தோடுதான் செடிக்குள் ஏறும்; நீரை மிகுதியாக ஆவியாக்கும் இலைக்கே அதில் பெரும்பங்கு போய்விடும்; இலைக்குப் போனது திரும்பிக் காய்க்கு வராது. நீண்டு கூம்பும் காய்களில் முனை தொலைவில் இருப்பதால் ஆக்ஸ்ஹார்ட்டில் இந்தக் குறை எளிதில் தலைகாட்டுகிறது. வறண்ட கீழைக்காற்றில் இலை இழுக்கும் நீரும் கூடிவிடுவதால், மார்கழிதான் இந்தப் பக்கத்தில் இதற்கு உச்ச காலம்.

இதில் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். பொள்ளாச்சி வட்டாரம் தென்னை நார்த் தொழிலுக்குப் பெயர் பெற்றது. நார்க்கழிவு எங்களுக்கு மலிவாகக் கிடைக்கும். மாடித் தோட்டம் தொடங்கிய ஆண்டில், கழுவியது என்று சொல்லி ஒரு கடையில் கொடுத்த நார்க்கழிவுக் கட்டிகளை வாங்கி, ஊறவைத்து, பாதி மண்ணும் பாதி நார்க்கழிவுமாகப் பன்னிரண்டு பைகள் நிரப்பினேன். செடி அழகாக வந்தது. முதல் கொத்தில் பிடித்த காய் ஒன்று விடாமல் எலுமிச்சை அளவிலேயே அடி கறுத்தது. முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டேன், சுண்ணாம்புத் தெளிநீரை ஊற்றினேன், இலையில் கால்சியம் தெளித்தேன், எதுவும் உதவவில்லை. பையின் அடியில் வடிந்த நீரை ஒரு தட்டில் பிடித்து வெயிலில் வைத்துப் பார்த்தபோதுதான், உலர்ந்த தட்டில் வெள்ளை உப்புப் பூத்திருந்தது கண்ணில் பட்டது. நுனி நாக்கில் வைத்தால் கரித்தது.

கழுவாத நார்க்கழிவில் சோடியமும் பொட்டாசியமும் மிகுந்திருக்கும். அவை வெறும் கரைந்த உப்பாக மட்டும் இல்லாமல் நாரின் துகள்களிலும் ஒட்டிக்கொண்டிருப்பதால், நாம் ஊற்றும் கால்சியத்தை நார் பிடித்து வைத்துக்கொண்டு அதற்கு மாறாகச் சோடியத்தை வேர்ப்பகுதிக்குள் விடுகிறது. மேலே எவ்வளவு சுண்ணாம்பு கொட்டினாலும் காய்க்குப் போகாததற்கு இதுவே காரணம். ஆகவே வெற்று நீரில் அலசுவது பாதி வேலைதான். இப்போது நான் 5 கிலோ கட்டியை ஊறவைத்து, வடிநீர் தேநீர் நிறம் போய்த் தெளியும் வரை மூன்று முறை அலசிவிட்டு, 100 கிராம் கால்சியம் நைட்ரேட்டை 20 லிட்டர் நீரில் கரைத்து அதில் ஒரு நாள் முழுவதும் ஊறப்போட்டு, மீண்டும் ஒரு முறை அலசிய பின்பே பையில் நிரப்புகிறேன். நீரின் உப்பளவு காட்டும் சிறு கருவி இருந்தால் கடைசி வடிநீரையும் குழாய் நீரையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் நெருங்கி வந்திருக்க வேண்டும். ஏற்கெனவே நிரப்பிய பைகளில் குறை தோன்றிவிட்டால், பையின் கொள்ளளவைப் போல இரு மடங்கு நல்ல நீரை மெதுவாக ஊற்றி உப்பை வடித்துவிட்டு, பிறகு லிட்டருக்கு 2 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைசலை வேருக்குக் கொடுங்கள். கறுத்த காய் திருந்தாது, பறித்துப் போட்டுவிடுங்கள். அடுத்த கொத்து நன்றாக வரும்.

தரையில் நட்டவருக்கு வேறு கணக்கு. பாலக்காட்டு மாவட்டச் சித்தூர் வட்டத்தின் கிழக்குப் பகுதியில் சுண்ணாம்புச் சத்து மிகுந்த கரிசல் மண் இருக்கிறது. அங்கிருந்து சற்று மேற்கே நகர்ந்தால் புளித்த செம்மண் வந்துவிடும். அதனால் பக்கத்து ஊர்க்காரர் சொன்ன மருந்து உங்கள் தோட்டத்துக்குப் பொருந்தாமல் போகலாம். செம்மண்ணில் நடுவதற்கு இரண்டு வாரம் முன்பு சென்டுக்கு 2 கிலோ வீதம், மலையாளத்தில் கும்மாயம் எனப்படும் நீற்றிய சுண்ணாம்பைக் கலந்துவிடுங்கள். கரிசலில் அதைப் போடவே கூடாது. அங்கே கால்சியம் இல்லாமலில்லை, நீர்தான் ஒழுங்கில்லை. இரண்டு மண்ணுக்கும் பொதுவானது பாய்ச்சலின் சீர்மை. இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் வெள்ளமாக ஊற்றுவதைவிட, நாளும் காலையில் அளவாக ஊற்றி, வேரடியில் நான்கு விரல் கனத்துக்குக் காய்ந்த தென்னையோலைத் துண்டையோ வைக்கோலையோ பரப்பி வைப்பது மேல். ஆக்ஸ்ஹார்ட்டுக்குச் சிறு பை ஆகாது. 30 லிட்டருக்குக் குறைந்த கலத்தில் இதை வைத்துவிட்டு மார்கழிக் காற்றில் ஈரத்தைக் காப்பது எவராலும் முடியாத காரியம்.

இலை சுருளுகிறது

எந்த இலை என்று பாருங்கள். அடியிலைகள் மட்டும் குழல் போல மேல்நோக்கிச் சுருண்டு, தொட்டால் தடித்த தோல் போல இருந்து, நுனித் தளிர் பச்சையாக வளர்ந்துகொண்டிருந்தால், காற்றுக்கும் வெயிலுக்கும் செடி தன்னைக் குறுக்கிக்கொண்டிருக்கிறது. ஒரே நாளில் பல பக்கக்கிளைகளைக் கிள்ளினாலும் இப்படி ஆகும். ஒன்றும் செய்ய வேண்டாம்.

நுனி இலைகள் சிறுத்து, ஓரம் மஞ்சளாகி, கிண்ணம் போலக் குவிந்து, செடி குட்டையாக நின்றுவிட்டால் அது இலைச்சுருட்டு வைரஸ். வெள்ளை ஈ கொண்டுவந்து விடுவது. நட்ட முதல் மாதத்துக்குள் வந்தால் செடியைப் பிடுங்கிவிடுவதே நல்லது. காய் பிடித்த பின் வந்தால், இருக்கும் காய் முற்றும் வரை விட்டுவைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள், ஆனால் அந்தச் செடியிலிருந்து ஈக்கள் மற்றவற்றுக்கு வைரஸைச் சுமக்கும் என்பதால் நான் விட்டுவைப்பதில்லை. தடுக்கும் இடம் நாற்றங்கால்தான். அங்குலத்துக்கு 40 அல்லது 50 கண் உள்ள நைலான் வலைக்குள் நாற்றை வளர்த்து, நட்டபின் மஞ்சள் ஒட்டுப் பொறியைச் செடியின் நுனி மட்டத்தில் தொங்கவிட்டு, செடி உயர உயர அதையும் உயர்த்துங்கள்.

பழம் வெடிக்கிறது, தோள் மஞ்சளாகவே நிற்கிறது, காய் கோணலாகிறது

காம்பைச் சுற்றி ஆரக்கால் போல வெடிப்பது, வறண்ட மண்ணில் திடீர் மழையோ மிகுநீரோ பட்டதால் வருவது. மேலே சொன்ன பாய்ச்சல் முறையே இதற்கும் போதும். காயின் தோள், அதாவது காம்பைச் சுற்றிய மேற்பகுதி, மஞ்சளாகக் கல் போல நிற்பதற்கு வெயிலே பெருங்காரணம்: வெப்பம் 30 டிகிரியைத் தாண்டினால் சிவப்பு நிறமியான லைக்கோபீன் சரியாக உருவாகாது. பொட்டாசியக் குறையும் இதற்குத் துணைபோகும். இலையை அதிகம் கழித்துக் காயை வெயிலுக்குக் காட்டாதீர்கள். காயின் அடியில் இளஞ்சிவப்பு தட்டியதுமே பறித்து, வீட்டுக்குள் நிழலில் தட்டில் பரப்பிவிடுங்கள். செடியிலேயே பழுக்கவிட்டால்தான் சுவை என்ற பேச்சை நானும் நம்பியிருந்தேன். நிறம் திரும்பிய பின் பறித்த காய் வீட்டில் பழுத்துச் சுவை குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை, அணிலுக்குப் போவது மட்டும் குறைந்தது.

தழும்பும் மடிப்புமாகக் கோணும் காய்க்குப் பெரும்பாலும் முதல் கொத்தின் ஒட்டுப்பூ காரணம். இரண்டு மூன்று பூக்கள் ஒன்றாகப் பிணைந்து, இதழ்கள் கணக்கின்றிப் பெரிய மஞ்சள் தாமரை போல விரியும் அந்தப் பூவைப் பார்த்து மகிழாமல் கிள்ளிவிடுங்கள்.

துளை, புள்ளி, ஒடிவு

இவை எல்லாத் தக்காளிக்கும் உரியவை என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். காயில் வட்டத் துளையும் பாதி உடல் வெளியே தெரியும் பச்சைப் புழுவும் இருந்தால் காய்ப்புழு. மாலையில் கையால் பொறுக்குவதே வீட்டுத் தோட்டத்துக்குப் போதும். இலைக்குள் காகிதம் போல வெளுத்த திட்டும் காம்படியில் குண்டூசித் துளையும் இருந்தால், 2014-இல் நம் நாட்டில் முதலில் கண்டறியப்பட்ட ஊசிப்புழு. பாதித்த இலைகளை உடனே கிள்ளி எரித்து, இனக்கவர்ச்சிப் பொறி வையுங்கள். அடியிலையில் வளையத்துக்குள் வளையமாகப் பழுப்புப் புள்ளி வந்தால் முன்பருவ இலைக்கருகல். தரையிலிருந்து ஒரு முழத்துக்கு இலையைக் கழித்து, மண் தெறிக்காமல் மூடாக்கு இடுங்கள். பரவினால் மட்டும் காப்பர் ஆக்ஸிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம்.

ஒடிவதில்தான் ஆக்ஸ்ஹார்ட் தனித்து நிற்கிறது. மூன்று காய் உள்ள ஒரு கொத்து ஒரு கிலோவைத் தாண்டும், தண்டோ மெலிது. ஒரு செடிக்கு இரண்டு தண்டுக்கு மேல் விடாமல், ஏழடி மூங்கிலில் பழைய பருத்திப் புடவைக் கிழிசலை எட்டு வடிவில் தளர்வாகக் கட்டுங்கள். கொத்தின் காம்பு மடங்குவதற்கு முன்பே அதற்கும் தனியாக ஒரு தொட்டில் கட்டிவிட வேண்டும். தண்டு பாதி பிளந்திருந்தால் சேர்த்துவைத்து ஒட்டுநாடாவால் சுற்றிவிடுங்கள்; பத்து நாளில் கூடிவிடும்.

காய் இதய வடிவத்தில் வரவில்லை

முதல் கொத்தைக் கொண்டு முடிவு செய்யாதீர்கள். ஒரே செடியில் முதல் காய்கள் தட்டையாகவும் பிந்தியவை கூம்பியும் வருவது ஆக்ஸ்ஹார்ட்டில் இயல்பு. மூன்றாம் கொத்து வரை உருண்டையாகவே இருந்தால், உங்களுக்கு வந்தது வீரிய ஒட்டு விதையின் அடுத்த தலைமுறையாகவோ, கலப்பு விழுந்த விதையாகவோ இருக்கலாம். தக்காளியில் கலப்பு அரிது என்றாலும், வெப்பத்தில் சூலகத்தண்டு மகரந்தக் குழலைத் தாண்டி வெளியே நீண்டுவிடும்போது வேற்று மகரந்தம் ஏற வாய்ப்புண்டு. ஆகவே விதைக்கென ஒதுக்கும் கொத்தை, மார்கழிக் குளிரில் பூத்ததாகப் பார்த்து, மொட்டாக இருக்கும்போதே மெல்லிய வலைப்பையால் மூடி, பிஞ்சு பிடித்ததும் பையைக் கழற்றி, காம்பில் சிவப்பு நூல் கட்டிவிடுங்கள்.

தோட்டத்திலேயே பெரிய காய் எது என்று தேடி விதை எடுப்பது வழக்கம்; அது தவறான தேர்வு. வாடாமல், அடி கறுக்காமல், அதிகக் கொத்துகளில் காய் பிடித்த செடி எது என்று பார்த்து அதிலிருந்து எடுங்கள். ஆக்ஸ்ஹார்ட்டில் விதை குறைவு என்பதால் மூன்று நான்கு பழங்களின் குழம்பைச் சேர்த்து, நீர் விடாமல் கண்ணாடிப் புட்டியில் இரண்டு நாள் புளிக்க வையுங்கள். நம் வெப்பத்தில் மூன்றாம் நாள் விதை புட்டிக்குள்ளேயே முளைவிடத் தொடங்கும், ஆகவே தள்ளிப்போடாதீர்கள். மேலே மிதப்பவற்றைக் கொட்டிவிட்டு, அடியில் தங்கிய விதைகளை அலசி, காகிதத்தில் அல்லாமல் பீங்கான் தட்டில் பரப்பி, நிழலில் ஒரு வாரம் உலர்த்தி, ஒட்டிய வேர் கத்தரியா சுண்டையா என்பதையும் எந்த மண்ணில் விளைந்தது என்பதையும் உறையின் மேலேயே எழுதி வையுங்கள்.